வாட்ச்மேன் என்று பெயர் வைத்த ஆடிட்டர்

அஞ்சு மில்லிமீட்டர் நீளம். அரிசி மணி சைஸ். பழுப்பு நிறம். பார்த்தால் 'அய்யோ பாவம்' என்று தோன்றும். இந்த வண்டுக்கு 1758-ல் ஸ்வீடன்காரர் லினேயஸ் வைத்த பெயரில் 'டைப்போகிராஃபஸ்' என்று வருகிறது. அதாவது அச்சுக்காரன். ஜெர்மன்காரர்களும் அதை 'புத்தகம் அச்சடிப்பவன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஏன் இந்தப் பெயர்? இது குடியிருந்த மரத்தின் பட்டையை உரித்துப் பாருங்கள். உள்பக்கம் நடுவில் ஒரு நேர்க்கோடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் வரிவரியாகக் கிளைக்கோடுகள். தெரியாத பாஷையில் யாரோ ஒரு பக்கம் அச்சடித்து வைத்த மாதிரி இருக்கும். நடுக்கோடு, அம்மா வண்டு முட்டையிட்டுக்கொண்டே தோண்டிய சுரங்கம். கிளைக்கோடுகள், முட்டையிலிருந்து வந்த புழுக்கள் சாப்பிட்டுக்கொண்டே போன வழி.

அழகான கோலம்தான். ஆனால், அந்தக் கோலம் முடிந்தால் மரம் காலி.

ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் என்று ஒரு மரம். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கூம்பு கூம்பாக நிற்கும். வீடு கட்ட, காகிதம் செய்ய, மேஜை நாற்காலி செய்ய எல்லாவற்றுக்கும் அதுதான். இலையில் சமைத்த சாப்பாடு பட்டைக்கு அடியில் உள்ள ஈரமான அடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வண்டு சரியாக அந்த அடுக்கைத்தான் தின்கிறது. போதாததற்குக் கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுவருகிறது. அது தண்ணீர் ஏறும் குழாயை அடைக்கிறது. மேலே இருந்து சாப்பாடு வராது, கீழே இருந்து தண்ணீர் ஏறாது. மரம் என்னதான் செய்யும்?

நல்ல நாளில் மரம் சும்மா விடாது. வண்டு துளை போட்டதும் பிசினைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளிவிடும். மழை இல்லாத வருஷத்தில் பிசினுக்கு எங்கே போவது? 2018, 2019, 2020 என்று மத்திய ஐரோப்பாவைத் தொடர்ந்து வறட்சி வாட்டியது. முதலில் நுழைந்த வண்டு ஒரு வாசனையை விட்டு 'வாங்கப்பா, இங்கே கதவு திறந்திருக்கு' என்று கூப்பிட, நூற்றுக்கணக்கில் வந்து இறங்கின. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் மலைமலையாக மரங்கள் சாம்பல் நிறத்தில் குச்சியாக நின்றன.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் நுழைகிறார். ஆகாயத்திலிருந்து.

*

ஐரோப்பிய விண்வெளிக் கழகம் 2015-ல் ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. 2017-ல் அதற்கு ஒரு இரட்டைச் சகோதரன். பெயர், சென்டினல்-2. 'சென்டினல்' என்றால் காவல்காரன். நம் பாஷையில் வாட்ச்மேன். 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டுமாகச் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுக்கும். படங்கள் எல்லோருக்கும் இலவசம்.

நம் கண்ணுக்குத் தெரியாத நிறங்களிலும் அது படம் எடுக்கும் என்பதுதான் விசேஷம். ஆரோக்கியமான இலை, பக்கத்து அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். இன்னும் கொஞ்சம் நீண்ட அலைவரிசையில் பார்த்தால் இலைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியும். தண்ணீர் குறைந்தால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று ஆகும். அதாவது, நம் கண்ணுக்கு 'பச்சைப்பசேல்' என்று தெரியும் மரம், உள்ளே வாட ஆரம்பித்துவிட்டதைச் செயற்கைக்கோள் மோப்பம் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

வனத்துறைக்காரர்கள் வண்டு விழுந்த மரத்தை மூன்று நிறமாகப் பிரிக்கிறார்கள். முதலில் பச்சை: வண்டு உள்ளே இருக்கிறது, மரம் வெளியே நன்றாக இருக்கிற மாதிரி நடிக்கிறது. அடுத்து சிவப்பு: ஊசி இலைகள் பழுத்துவிட்டன. கடைசியில் சாம்பல்: இலை கொட்டி வெறும் எலும்புக்கூடு.

பச்சையிலேயே பிடித்துவிட்டால்? அந்த மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, காட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்விடலாம். உள்ளே இருக்கும் அடுத்த தலைமுறை வண்டுகள் பறப்பதற்கு முன்பே கதை முடிந்தது. பக்கத்து மரங்கள் தப்பித்தன.

இதைத்தான் 'முன்கூட்டியே கண்டறிதல்' என்கிறார்கள். 15, 20 வருஷமாக இதைப் பற்றிக் கட்டுரைகள், கருத்தரங்கங்கள், நிதி ஒதுக்கீடுகள், புது கம்பெனிகள். செயற்கைக்கோள் போதாதென்று இப்போது டிரோன், அதன்மேல் செயற்கை நுண்ணறிவு.

எனக்கு விஞ்ஞானப் பட்டம் கிடையாது. படித்தது பி.காம். ஆனால், ஒரு கணக்கை எப்படித் தணிக்கை செய்வது என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் இந்த 'முன்கூட்டியே' என்ற வார்த்தையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாமா?

*

முதல் கேள்வி: முன்கூட்டியே என்றால், எதற்கு முன்னால்?

மரம் சாவதற்கு முன்னாலா? அது பிரயோஜனம் இல்லை. வண்டு நுழைந்த மரம் ஏறக்குறைய செத்த மரம்தான். காப்பாற்ற வேண்டியது பக்கத்து மரத்தை. அப்படியானால் வண்டு வெளியே பறப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் வண்டாக ஆக, வெயிலைப் பொறுத்து ஆறு முதல் பத்து வாரம். அதுதான் மொத்த அவகாசம்.

அந்தப் பத்து வாரத்தில் செலவைக் கழித்துக்கொண்டே வாருங்கள். வண்டு நுழைந்த உடனேயே இலை வாடாது. அதற்குச் சில வாரங்கள் போய்விடும். பிறகு செயற்கைக்கோள் வர வேண்டும். ஐந்து நாளைக்கு ஒரு முறைதானே என்பீர்கள். மலைக்காடு சார், மேகம் இருக்கும். மேகம் இருந்தால் படம் வெறும் வெள்ளைப் போர்வை. அடுத்த ஐந்து நாளும் மேகம் என்றால் மறுபடியும் போர்வை. பிறகு படத்தை அலச வேண்டும், பட்டியல் போட வேண்டும், ஆள் போய்ச் சரிபார்க்க வேண்டும், வெட்டுகிறவரைப் பிடிக்க வேண்டும், லாரி வர வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் என்ன மிஞ்சுகிறது?

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 'மலைப் பைன் வண்டு' என்று இதற்கு ஒரு ஒன்றுவிட்ட அண்ணன். 1990-களில் ஆரம்பித்து இருபது வருஷத்துக்குள் 1.8 கோடி ஹெக்டேர் காட்டில் கைவைத்தது. நம் தமிழ்நாட்டின் பரப்பளவே 1.3 கோடி ஹெக்டேர்தான். முன்பெல்லாம் கடுங்குளிர் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர் குறைந்தது, புழுக்கள் பிழைத்தன.

அங்கே வண்டு கோடையில் நுழைகிறது. மரம் குளிர்காலம் பூராவும் பச்சையாகவே நிற்கிறது. அடுத்த கோடையில்தான் இலை நன்றாகச் சிவக்கிறது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் புதுத் தலைமுறை வண்டுகள் பறக்கின்றன. சிவந்த மரங்களைச் செயற்கைக்கோள் பிரமாதமாகப் படம் பிடித்துவிடும். எதற்கு? திருடன் சுவர் ஏறிக் குதித்த பிறகு, காலி பீரோவின் போட்டோ!

அப்படியானால் பச்சையிலேயே பிடிக்க முடியுமா என்று 2009-லேயே கனடா வன ஆய்வாளர் மைக்கேல் வுல்டரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே 'சவால்கள்' என்று வைத்தார்கள். சாரம் இதுதான்: பரிசோதனையில் சில சமயம் தெரிகிறது என்பது வேறு, மாகாணம் முழுக்க நடைமுறையில் செய்வது என்பது வேறு. அடுத்தடுத்து நிற்கும் மரங்கள்கூட வெவ்வேறு வேகத்தில் வாடுகின்றன. எந்தத் தேதியில் படம் எடுத்தாலும் சிலது பிந்திவிடும், சிலது முந்திவிடும்.

*

இரண்டாவது கேள்வி: எத்தனை தப்பு?

'எங்கள் முறை 90 சதவீதம் துல்லியம்' என்று ஒருவர் வந்து சொன்னால் நமக்கு உடனே கைதட்டத் தோன்றும். பரீட்சையில் 90 வாங்கின பிள்ளை அல்லவா! கொஞ்சம் பொறுங்கள். ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைக் காடு.

10,000 மரங்கள். அதில் வண்டு விழுந்தவை 100. நூற்றுக்கு ஒன்று. ஆரம்பக் கட்டம் என்றால் அவ்வளவுதான் இருக்கும். நம் 90 சதவீதக்காரர் அந்த 100-ல் 90-ஐப் பிடித்துவிடுகிறார். சபாஷ். மிச்சம் 9,900 நல்ல மரங்கள். அதில் பத்து சதவீதம் தப்பாகச் சொல்வார் இல்லையா? 990. ஆக, அவர் கையில் கொடுக்கும் பட்டியலில் 1,080 மரங்கள். அதில் நிஜமாக வண்டு உள்ளது 90. பன்னிரண்டுக்கு ஒன்று.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வனக்காவலர் பன்னிரண்டு மரத்திடம் போய் பதினொரு தடவை ஏமாந்து திரும்புவார். ஒரு வாரம் போவார். இரண்டாவது வாரம் பட்டியலை மடித்து டிராயரில் போட்டுவிடுவார். இதற்கிடையில் தப்பவிட்ட 10 மரங்கள் சும்மா இருக்குமா? ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வண்டு கிளம்பும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் 50 நல்ல இடம், 50 கெட்ட இடம் என்று சரிபாதியாக எடுத்துக்கொண்டுதான் பரிசோதிப்பார்கள். அங்கே 90 வாங்குவது ஒரு விஷயம். நூற்றுக்கு ஒன்று கெட்டிருக்கும் நிஜக் காட்டில் அதே 90-க்கு என்ன மதிப்பு என்று இப்போதுதான் பார்த்தோம். இதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. வெற்றிச் செய்தி வெளியே வரும்போது இந்த அடிக்குறிப்பு மட்டும் வழியில் விழுந்துவிடுகிறது.

நிஜமான ஒரு மார்க் ஷீட் பார்க்கலாம். ஜெர்மனியின் பவேரியக் காடு தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வு, 2019-ல் வெளிவந்தது. பச்சைக் கட்டத்தையே கண்டுபிடிக்கும் முயற்சி. தரையில் சரிபார்த்த இடங்களோடு ஒப்பிட்டபோது அமெரிக்காவின் லாண்ட்சாட்-8 வாங்கியது 36. நம் ஊர் பாஸ் மார்க் 35 என்பதால் ஜஸ்ட் பாஸ். சென்டினல்-2 வாங்கியது 67. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால், மூன்றில் ஒரு திருடனை விட்டுவிடும் வாட்ச்மேனை உங்கள் அபார்ட்மென்ட்டில் வைத்துக்கொள்வீர்களா?

இதில் செயற்கைக்கோளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அதன் கண் அவ்வளவுதான். இலையின் தண்ணீரைப் பார்க்கும் அலைவரிசையில் அதன் படத்தின் ஒரு புள்ளி, தரையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர். 400 சதுர மீட்டர். அதற்குள் பல மரங்கள். அதில் ஒன்று லேசாக வாடியிருந்தால், கல்யாணப் பந்தியில் ஒருவர் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதை மண்டபத்தின் கூரையிலிருந்து கண்டுபிடிக்கிற கதைதான். பந்தியில் பாதிப் பேர் எழுந்து போனால்தான் மேலே தெரியும்.

அதோடு, வாடியிருப்பது வண்டாலா, வெயிலாலா, வேரில் தண்ணீர் நின்றதாலா? ஆகாயத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். வாட்டத்தை அது பார்க்கும். காரணம் அதற்குத் தெரியாது.

*

மூன்றாவது கேள்வி: கண்டுபிடித்த பிறகு, யார் போவது?

2024-ல் மார்கஸ் கவுட்ஸ், யோவாக்கிம் ஃபாய்ரர், பெட்ரா அட்லர் என்று மூன்று ஜெர்மன் ஆய்வாளர்கள் அதுவரை இந்த வண்டைப் பற்றி வந்த தொலையுணர்வு ஆராய்ச்சிகளை எல்லாம் மேஜையில் பரப்பி ஒரு விமர்சன மதிப்பாய்வு எழுதினார்கள். எனக்குப் பிடித்த வகை எழுத்து. யாரையும் வையவில்லை. 'போதுமான சீக்கிரத்தில் பிடித்தாயா? போதுமான துல்லியத்தில் பிடித்தாயா?' என்று இரண்டு தராசை மட்டும் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார்கள். முடிவு: இரண்டு தட்டும் சேர்ந்து நிறையவில்லை. ஆள் நடந்து போய்த் தேடுவதற்கு இது இன்னும் மாற்று ஆகவில்லை.

நடந்து போய் எப்படித் தேடுகிறார்கள் தெரியுமா? வண்டு துளை போடும்போது பொடி வெளியே விழும். காப்பிப் பொடி நிறத்தில், அடிமரத்தில், பட்டை இடுக்கில், சிலந்தி வலையில், கீழே இருக்கும் செடியின் இலையில். அதைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் வெயில் நாளில், ஒவ்வொரு மரமாகச் சுற்றி வர வேண்டும். ஸ்வீடனில் இதற்கு நாய்களையும் பழக்கியிருக்கிறார்கள். வண்டு விடும் வாசனையை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே பிடித்துவிடுகின்றன. மரத்தின் இலை வாடும் வரை நாய் காத்திருப்பதில்லை.

என் விமர்சனம் முழுக்க இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. 'மேலே இருந்தே பார்த்துவிடலாம்' என்ற நம்பிக்கை ஒரு ஆபீசுக்குள் நுழைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று ஆபீஸ் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். 'அப்புறம் எதற்கு இத்தனை பேர் காட்டில் நடக்கிறார்கள்?' என்று ஒருவர் கேட்பார். ஆள் குறையும். மென்பொருள் வரும். காப்பிப் பொடியைப் பார்க்கத் தெரிந்த கண்கள் ரிட்டையர் ஆகும். படம் மட்டும் கலர் கலராக வந்துகொண்டே இருக்கும்.

*

அப்படியானால் செயற்கைக்கோள் வீணா? அப்படிச் சொன்னால் நான்தான் தப்புக் கணக்கு எழுதியவன் ஆவேன்.

2022 பிப்ரவரியில் ஜெர்மன் விண்வெளி மையம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2018 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை ஜெர்மனியில் மரங்கள் போன பரப்பு 5,01,000 ஹெக்டேர். நாட்டின் மொத்தக் காட்டில் கிட்டத்தட்ட 5 சதவீதம். அதுவரை நினைத்திருந்ததைவிட நன்றாகவே அதிகம். சென்டினல்-2, லாண்ட்சாட்-8 படங்களைக் கோத்துப் போட்ட கணக்கு. ஆள் நடந்து இதை எடுக்க முடியுமா? ஜென்மத்துக்கும் முடியாது. எந்த மலையில் எத்தனை போச்சு, எங்கே மறுபடி நட வேண்டும், யாருக்கு எவ்வளவு நிவாரணம் என்று தீர்மானிக்க இது இல்லாமல் ஆகாது.

இது யார் வேலை? ஆடிட்டர் வேலை. வருஷக் கடைசியில் வந்து, எல்லாப் புத்தகத்தையும் புரட்டி, 'உங்கள் கம்பெனியில் இவ்வளவு போய்விட்டது' என்று பைசா சுத்தமாகச் சொல்பவர். நல்ல ஆடிட்டர் இன்னொன்றும் சொல்வார்: 'இந்த கிளையில் பூட்டு பலவீனம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.' செயற்கைக்கோளும் அதைச் செய்யும். எந்தச் சரிவு வறண்டிருக்கிறது, போன வருஷம் வண்டு விழுந்த திட்டு எது, அதையொட்டி எங்கே நடந்து தேட வேண்டும் என்று சொல்லும். நடப்பவரின் பாதி நடையை மிச்சப்படுத்தும். பெரிய உபகாரம்.

ஆனால், ராத்திரி இரண்டு மணிக்குச் சுவர் ஏறுகிறவனை ஆடிட்டர் பிடிக்க மாட்டார். அதற்கு வாட்ச்மேன் வேண்டும். ஆடிட்டருக்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்துவிட்டு, நிஜ வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

*

'ஜெர்மனி வண்டு, கனடா வண்டு... நமக்கென்ன சார்?' என்று கேட்கிறீர்களா? இந்தியாவில் இந்தத் தொலையுணர்வு விஞ்ஞானம் பிறந்ததே ஒரு தென்னந்தோப்பில்தான்.

கேரளத்தில் தென்னைக்கு வேர் வாடல் என்று ஒரு நோய். 1882 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. மரம் உடனே சாகாது. ஓலை துவளும், மஞ்சளாகும், காய்ப்பு குறையும். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். 1970-ஐ ஒட்டி, கொல்லங்கோட்டில் பிறந்து சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தவரான பிஷாரோத் ராம பிஷாரடி, ஹெலிகாப்டரில் கேமராவை வைத்து, அகச்சிவப்பு பதியும் பிலிமில் கேரளத் தென்னந்தோப்புகளை மேலிருந்து படம் எடுக்கும் பரிசோதனையை நடத்தினார். நோய் பட்ட மரங்கள் தனியாகத் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அவரைச் சொல்வது இதிலிருந்துதான். முழு நடைமுறைப் பயன்பாட்டுக்கான நம் முதல் தொலையுணர்வு செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ மேலே போனது 1988-ல். அந்த வம்சத்துக்கு விதை, ஒரு தேங்காய்!

பெருமைப்பட வேண்டிய விஷயம். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. நோய் நின்றதா? மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. கன்னியாகுமரி, செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சி, ஆனைமலை. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்களை விவசாயிகள் தங்கள் கையாலேயே வெட்டித் தள்ளுகிறார்கள்.

பிஷாரடியின் படத்தில் குற்றம் இல்லை. படம் எடுத்தபோது நோய்க்கு என்ன காரணம் என்றே தெரியாது. 'பைட்டோபிளாஸ்மா' என்ற நுண்ணுயிர்தான் காரணம் என்று 1980-களில்தான் பிடிபட்டது. அதைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் எடுத்துச் செல்கின்றன என்பதும் அதற்குப் பிறகே. வந்த மரத்தைக் குணமாக்க மருந்து இன்றைக்கும் கிடையாது. நோயாளியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம். ஆனால், ஆஸ்பத்திரியில் கொடுக்க மாத்திரை இல்லை!

உருப்படியான முன்னேற்றம் எங்கிருந்து வந்தது தெரியுமா? காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் நோய் பரவிய தோப்புகளுக்குள் இறங்கி நடந்தார்கள். சுற்றிலும் எல்லாம் வாடிக் கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் கம்பீரமாக நிற்கிறதா? அதைக் குறித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் கவனித்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்து வந்தவைதான் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற நோய் தாங்கும் ரகங்கள். வாடிய மரத்தைத் தேடுவதைவிட வாடாத மரத்தைத் தேடியது கை கொடுத்தது. அதுவும் கால்நடையாக.

*

இன்றைக்கு நம் தோப்புக்காரர்களிடமும் டிரோனோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். 'மேலே பறக்கவிட்டால் போதும், பூச்சி வருவதற்கு முன்பே சொல்லிவிடும்' என்கிறார்கள். வரட்டும். டிரோனின் கண் செயற்கைக்கோளைவிட ரொம்பக் கூர்மை. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், சென்டினலின் அந்த 20 மீட்டர் புள்ளிக்குள் ஏழு தென்னை அடங்கிவிடும். டிரோனுக்கு ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாகத் தெரியும். பெரிய தோப்பில் எந்த மூலை வாடுகிறது என்று பத்து நிமிஷத்தில் காட்டும். சம்மதம்.

ஆனால், சிவப்புக் கூன்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புழுப் பருவம் முழுக்க மரத்துக்கு உள்ளே. தண்டைக் குடைந்து கூழாக்கும்வரை கொண்டை ஜோராக ஆடிக்கொண்டிருக்கும். குருத்து சாயும்போது டிரோனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், பக்கத்துத் தோப்புக்காரருக்கும் தெரியும். முன்னாலேயே தெரிகிற அடையாளங்கள் வேறு: தண்டில் சின்ன ஓட்டை, அதில் வழியும் பழுப்புச் சாறு, வெளியே தள்ளிய நார்ச் சக்கை. அனுபவஸ்தர்கள் மரத்தில் காதை வைத்து உள்ளே கரகரவென்று கடிக்கும் சத்தத்தைக் கேட்பார்கள். எல்லாமே ஆள் உயரத்து விஷயங்கள். மேலிருந்து பார்த்தால் ஓலைக்குடை மறைத்துவிடும்.

ஆகவே, யாராவது 'முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம்' என்று வந்தால், அவர் விஞ்ஞானியோ விற்பனையாளரோ, மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள்.

எதற்கு முன்கூட்டி? பூச்சி கிளம்புவதற்கு எத்தனை நாள் முன்னால் என் கையில் பட்டியல் வரும்?

அந்தப் பட்டியலில் நூறு மரம் இருந்தால் நிஜமாகவே பூச்சி பிடித்தது எத்தனை? பட்டியலுக்கு வெளியே தப்பியது எத்தனை?

பட்டியல் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும், அதற்கு ஆள் யார், செலவு யாருடையது?

மூன்றுக்கும் நம்பரோடு பதில் சொல்கிறவரிடம் தாராளமாகப் பணம் கொடுங்கள். முதல் கேள்வியிலேயே கலர் படத்தை விரித்துக் காட்டுகிறவருக்குக் காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவர் போன பிறகு தோப்பை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், அடிமரத்தைப் பாருங்கள்.